இம்முறை உறைக்குள் கதிர் இல்லை

கட்டைபறிச்சான்,
மூதூர்.
பொங்கலுக்கு மறுநாள்.

அன்புள்ள மகள் கௌசிகாவுக்கு,

அம்மாளாச்சியின் காவலில் நான் இங்கே நல்ல சுகத்தோடு இருக்கிறேன். நீயும் மருமகனும் சின்னவளும் நோர்வேக் குளிருக்குள் ஒரு தடிமன் காய்ச்சல் கூட இல்லாமல் இருக்க வேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். நல்ல சுகம் என்று நான் எழுதியது வழக்கத்துக்கு எழுதியதில்லை, அதை இன்னொருமுறை வாசி. நான் படுக்கையில் இல்லை. எழும்பி நடக்கிறேன், கிணற்றில் அள்ளிக் குளிக்கிறேன், கண்ணாடி போட்டால் பேப்பரின் சின்ன எழுத்தும் தெரிகிறது. இந்த எழுத்தைப் பார், எங்கேயாவது கோணியிருக்கிறதா. கடையில் சாமான் சுற்றித் தந்த கடதாசியை வைத்து நானாகப் படித்த எழுத்து, அது என்னை விட்டுப் போகவில்லை.

அம்மா படுத்த படுக்கை, பேச்சும் ஒழுங்காய் வராது, போனைக் காதில் வைத்தாலும் விளங்காது என்று உன் தம்பி திலக்சன் உனக்குச் சொல்லியிருக்கிறான். எனக்கு அவன் சொன்னது வேறு கதை. என் போன் பழுது, திருத்தக் கொடுக்கிறேன் என்று ஆடி மாதம் வாங்கிக்கொண்டு போனவன், அது இன்னும் திருத்துப்பட்டு வரவில்லை. அக்கா எடுத்தவளா என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பேன். இல்லையம்மா, அவளுக்கு இப்ப எங்கட நினைப்பு எங்க இருக்கு, பெரிய இடத்துச் சீவியம் எல்லோ என்பான். எனக்கு உன்மேல் கோபம் வந்தது உண்மை, அதை மறைக்கமாட்டேன். பிள்ளைக்கு ஒரு வார்த்தை பேச நேரமில்லையா என்று சாமிப் படத்துக்கு முன்னால் நின்று உன்னைத் திட்டியும் இருக்கிறேன். போன கிழமை கிளினிக்குக்கு மூதூர் போனபோது உம்மு குல்சும் வீட்டில் ஏறினேன். உன்னோடு கம்பியூட்டர் வகுப்புக்குப் போன பஹ்மியாவின் உம்மா, குல்சுமின் புருஷன் அபூதாஹிர்தான் எங்கள் வயலுக்கு மேற்கு வரம்புக்காரர். என்னைக் கண்டவுடன் குல்சும் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். பிறகுதான் பஹ்மியா தன் போனைக் காட்டினாள், அம்மா உயிரோடுதான் இருக்கிறாவா என்று போய்ப் பார்த்துச் சொல்லு என்று நீ அன்று காலையில் எழுதியிருந்ததை நானே வாசித்தேன். படுத்த படுக்கையாம், பஸ்ஸில ஏறி இறங்கி வந்து என்ட தேத்தண்ணியையும் குடிச்சி முடிச்சிட்டு சீனி காணாது என்டும் சொல்லுது படுக்கை என்று குல்சும் சிரித்தாள். நானும் சிரித்தேன். வெளியே வந்து நின்றபோது வந்த முதல் பஸ்ஸில் ஏறாமல் விட்டுவிட்டேன்.

அவன் ஏன் இப்படிச் செய்தான் என்று நீ கேட்பாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். இந்த வயல் எங்கள் வீட்டில் எப்போதும் பெண்ணோடு போனது. என் அம்மாவுக்கு அவவின் அம்மா கொடுத்தது, எனக்கு என் அம்மா கொடுத்தது, உன் கல்யாணத்துக்கு நான் உனக்கு நன்கொடை உறுதிப் பத்திரம் எழுதித் தந்தது. ஆண்பிள்ளை கல்யாணம் கட்டிப் போன இடத்து வயலை உழுவான், அதுதான் எங்கள் பக்க முறை, அது திலக்சனுக்கும் தெரியும். அந்த உறுதிக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்தவனே அவன்தான், வைத்துவிட்டு அக்காவுக்கு வயல், எனக்கு வயலோடு ஒரு மாமியார் என்று பகிடி விட்டவன். பிறகு கீர்த்தனியைக் கட்டி இறக்கக்கண்டிக்குப் போனான். அவளுடைய சீதனக் காணியைப் படகுக்கென்று விற்றான், படகும் நிற்கவில்லை, இப்போது பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டான். அதற்காக நான் அவனை ஒரு சொல் சொன்னதில்லை. அவனிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் எழுதத்தான் வேண்டும். சண்டைக்கு இடம்பெயர்ந்திருந்த எங்களைச் சம்பூர்ப் பக்கம் திரும்பப் போக விட்டபோது எங்கள் வயல் வயலாக இருக்கவில்லை, நாயுண்ணிப் பற்றையும் கருவேலும் ஆள் உயரத்துக்கு நின்றது, வரம்பு எங்கே போனதென்றே தெரியாது. அதை வெட்டி எரித்து வரம்பு பிடித்தவன் அவன்தான். உள்ளங்கை தோல் உரிந்து சோற்றைப் பிசைய ஏலாமல் நான் தீத்திவிட்ட நாளும் இருக்கிறது. அக்கா வயலைப் போட்டோவில பாத்தவள், நான் முள்ளில பாத்தனான் என்பான். அது சரி. அதனால்தான் ஒவ்வொரு போகமும் விளைச்சலில் பாதியை அவனுக்கு விட்டேன், நீயும் சம்மதித்தாய். ஆனால் காடு வெட்டினவன் கூலி கேட்கலாம், பங்கு கேட்கலாம், வயலைக் கேட்க ஏலாது.

அவன் அதில் வேளாண்மை செய்யக் கேட்டிருந்தாலும் பரவாயில்லை, இறால் வளர்க்கிற ஒருவனுக்கு விற்கக் கேட்கிறான். அந்த ஆள் பட்டணத்திலிருந்து வருகிறவன், வெள்ளை வாகனம், கதவைச் சாத்தினால் சத்தமே வராது. களப்புப் பக்கம் எங்களுக்குக் கிழக்கே கிடந்த வயலை வாங்கி முதலே தோண்டிவிட்டான். கடல் தண்ணியைக் குழாயில் இறைத்து விட்டிருக்கிறான், பச்சையும் இல்லை நீலமும் இல்லை, ஒரு நிறமில்லாத தண்ணி. கரையில் நின்ற மருதமரம் நுனியிலிருந்து பட்டுக்கொண்டு வருகிறது. எங்கள் வயலின் கிழக்கு மூலையில் நெல்லின் இலை நுனி சிவந்து கருகிவிட்டது, அந்த மூலையில் இந்த மாரியில் தவளைச் சத்தம் கேட்கவில்லை. அபூதாஹிர் அந்த மூலை மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். அக்கா ஒங்கட வயல் போனா என்ட வயல் அதுக்கடுத்த போகமே போயிரும், அதுக்குப் பிறகு இந்த வயல்வெளியே போயிரும் என்றார். எங்கள் வயல் மட்டும்தான் அந்தத் தண்ணிக்கும் மற்றவர்களின் வயல்களுக்கும் நடுவில் கிடக்கிறது.

விற்பதற்குத் திலக்சன் இரண்டு வழி வைத்திருக்கிறான். ஒன்று, உன் பேரில் அவன் காரியம் பார்க்கலாம் என்று நீ எழுதித் தருகிற அற்றோணிப் பத்திரம். அம்மாவின் வைத்தியத்துக்கு வேணும் அக்கா, காணியைக் காட்டிக் கடன் எடுக்கவேணும் என்று உன்னிடம் கேட்டிருப்பான், கேட்காவிட்டால் இனிக் கேட்பான். மற்ற வழி நான். கண் காட்டப் போவோம் என்று என்னைக் கார்த்திகை மாதம் திருகோணமலைக்குக் கூட்டிப் போனான். கண் ஆஸ்பத்திரியைத் தாண்டி, துறைமுகம் தெரிகிற ஒரு மாடிக்கு ஏற்றி, உறுதி எழுதுகிற ஒரு பிரக்கிராசியாரின் முன்னால் இருத்தினான். அந்தத் தம்பி நல்ல பிள்ளை, எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். எழுதி வைத்திருந்ததை வாசித்தார். கொடுத்த நன்கொடையை, வாங்கினவர் பெரிய நன்றிகேடு செய்தால் கொடுத்தவர் கோட்டுக்குப் போய்த் திருப்பிக் கேட்கலாமாம். அதற்காக நான் சொன்னதாக அதில் எழுதியிருந்தது, மகள் என்னைக் கைவிட்டவள், மாதக் கணக்கில் ஒரு போன் இல்லை, நோயில் கிடந்தபோதும் எட்டிப் பார்க்கவில்லை, கேட்ட இடத்தில் கேவலமாய்ப் பேசினவள் என்று. அப்போதுதான் என் போன் எங்கே போனதென்ற யோசனை முதல்முதலாய் எனக்கு வந்தது. மகள் உங்களைப் பாக்கிறதில்லைத்தானே அம்மா என்று பிரக்கிராசியார் கேட்டார். என்னைப் பாக்கிறாளோ இல்லையோ அது அவளுக்கும் எனக்கும், நீங்கள் பாக்கவேண்டியது இந்தக் கடதாசியில இருக்கிற பொய்யை என்றேன். அவர் பேனையை மூடி வைத்துவிட்டார். அம்மாவுக்கு விருப்பம் வந்தால் மட்டும் வாங்கோ என்று திலக்சனிடம் சொல்லிவிட்டு, பழைய உறுதியையும் ஒருக்கால் உரத்து வாசித்தார். அதில் எனக்குச் சீவிய உரித்து இருக்கிறது, நான் உயிரோடு இருக்கும்வரை வயலை ஆண்டு அனுபவிக்கிற உரிமை எனக்கு, அதுவரை வேறொருவரும் உள்ளே இறங்க ஏலாது. அந்த வரியை வாசித்தபோது திலக்சன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் பெற்ற பிள்ளை, அவனுடைய எல்லாப் பார்வையும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்தப் பார்வையை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

மகள், இதை ஆறுதலாக வாசித்து மனதில் வை. நீ கையெழுத்து வைக்காதவரை நான் செத்தாலும் அவனுக்கு ஒன்றும் கிடைக்காது, வயல் முழுக்க உன்னிடம் வந்துவிடும். நீ கையெழுத்து வைத்த அன்றிலிருந்து அவனுக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் நிற்கிறது என் உயிர் ஒன்றுதான். உனக்கு இரக்க குணம், போன வருஷமே அம்மா அவனுக்குக் குடுங்கோ, பனிக்குள்ள இருக்கிற எனக்கு எதுக்கு வயல் என்று சொன்னவள் நீ. உன் இரக்கத்தை வேறு எதிலாவது காட்டு, இதில் காட்டாதே. நானே அழுது கேட்டாலும், என் குரல் போல ஒன்று போனில் கெஞ்சினாலும் வைக்காதே.

வீடு முந்தின வீடு இல்லை. கேற்றுக்குப் புதுப் பூட்டுப் போட்டிருக்கிறான், கள்ளர் பயமாம், திறப்பு அவனிடம் மட்டும். நான் பின்வேலியில் உள்ள ஓட்டைப் பொட்டால் குனிந்துதான் போய் வருகிறேன். நாயை இறக்கக்கண்டிக்கு, கீர்த்தனியின் வீட்டுக்குக் காவலுக்கென்று கொண்டுபோய் விட்டுவிட்டான், இப்போது வாகனம் வந்து நின்றாலும் குரைக்க ஒன்றும் இல்லை. என் கதிரறுக்கிற தாக்கத்தி கூரைவளையில் செருகியபடி இருக்கும், உனக்குத் தெரியும், அம்மா தந்த தாக்கத்தி. ஒருநாள் பார்த்தால் அதைக் காணவில்லை. அவனுடைய உழவு மெசின் பெட்டிக்குள் சாக்கில் சுற்றிக் கிடந்தது. எடுத்துக்கொண்டுபோய் உம்மு குல்சும் வீட்டில் வைத்துவிட்டேன், அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இறால்காரன் பொங்கலுக்கென்று எனக்கு ஒரு சீலை கொடுத்தனுப்பினான், கரை வைத்த நல்ல சீலைதான். அதைக் கொண்டுபோய் குருவி கலைக்க வயலில் நின்ற வெருளிக்குக் கட்டிவிட்டேன். அபூதாஹிர் பார்த்துவிட்டு, அக்கா ஒங்கட வெருளிக்குக் கலியாணமா என்று கேட்டார். அடுத்த முறை போனபோது வெருளி வரம்பில் முகம் குப்புறக் கிடந்தது. மாடு தட்டின மாதிரி இல்லை, கம்பை அடியோடு பிடுங்கிக் கிடத்தியிருந்தது. சீலை கலையாமல் அப்படியே இருந்தது. வயலை அளந்து சுற்றிச் சிவப்புத் துணி கட்டின கட்டைகளும் இறால்காரனின் ஆட்கள் நட்டிருக்கிறார்கள். கைக்கு எட்டினதைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்துவிட்டு வந்தேன்.

இனிப் பூசத்தின் கதைக்கு வருகிறேன். தைப்பூசத்தன்று காலையில் வயல்வெளியில் உள்ள எல்லோரும் அவரவர் வயலில் இறங்கி அந்தப் போகத்தின் முதல் கதிரான புதிர்க் கதிர் வெட்டுவதும், வயலுக்கு உரியவர் கைதான் முதலில் வெட்டுமென்பதும், யார் வெட்டினது என்று வரம்புக்கு வரம்பு பார்த்துக்கொள்வதும் உனக்குத் தெரியும். உறுதியை வாசித்து விளங்காத சனத்துக்கும் அது விளங்கும். இடம்பெயர்ந்து கிளிவெட்டியில் கிடந்த காலம் தவிர நான் அதை ஒரு வருஷமும் விட்டதில்லை. நேற்றுப் பொங்கல் பானை இறக்கினவுடன் திலக்சன், இந்த முறை கதிர் நான் வெட்டுறன் அம்மா, நீங்கள் வீட்டில இருங்கோ என்றான். உன்ர பெண்சாதியின்ர காணியில போய் வெட்டு, ஓ, அதை வித்துத் திண்டிட்டாய் என்ன என்றேன். சொல்லியிருக்கக்கூடாது என்று நீ நினைப்பாய், நான் அப்படி நினைக்கவில்லை. அவன் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு முன்னால் குந்தி இருந்து, என் காலிலே பட்டிருந்த சாம்பலைத் தன் கையால் துடைத்தான். மாரித் தண்ணி நிக்குது அம்மா, வரம்பு வழுக்கும், இந்த வயசில நீங்கள் வாய்க்காலுக்குள்ள விழுந்தால் ஆர் பொறுப்பு, ஊர் என்னைத்தானே கேட்கும் என்று மெல்லமாய்ச் சொன்னான். ஊர் கேட்கும்தான் என்றேன். அவன் எழும்பிப் போய்விட்டான். பொங்கல் அவன் கோப்பையில் ஆறிக் கிடந்தது.

அவன் போனபிறகு கீர்த்தனி குசினிக்குள் வந்து என் பக்கத்தில் நின்றாள். அவள் பாவம், கெட்ட பிள்ளை இல்லை. மாமி பூசத்தண்டு வயலுக்குப் போகாதேங்கோ என்றாள். ஏன் பிள்ளை என்று கேட்டேன். இவரும் அந்த இறால்காரனும் கதைச்சதைக் கேட்டனான், அதை என்ர வாயால சொல்ல ஏலாது மாமி, நீங்கள் போகாதேங்கோ, காய்ச்சல் எண்டு படுங்கோ, நான் கஞ்சி வச்சுத் தாறன் என்று சொல்லிக்கொண்டே அழுதாள். படுத்தால் அவன் தன்ர அக்காவுக்குச் சொன்ன கதை உண்மையாய்ப் போயிடும் பிள்ளை என்றேன். அவளுக்கு அது விளங்கினதோ தெரியாது.

நான் போகத்தான் போகிறேன். அபூதாஹிர் தன்னுடைய லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றிப் போய் வரம்பில் நிற்கிறேன் என்றார், வேண்டாமென்றுவிட்டேன். மூதூர் மனிசன் ஒருவர் எங்கள் தாய்க்கும் மகனுக்கும் நடுவில் நின்றால் அடுத்த நாளே திலக்சன் அதை ஊருக்கும் ஊருக்குமான சண்டையாக்கிவிடுவான், பிறகு வயலின் கதை ஒருவருக்கும் நினைவிருக்காது. நல்ல மனிசரை அதற்குள் இழுக்க எனக்கு விருப்பமில்லை. அவர் தன் வயலில் தன் பாட்டில் நிற்கட்டும், அவருக்குக் கண் இருக்கிறது, அது போதும். தாக்கத்தியைக் குல்சும் தீட்டி வைத்திருக்கிறாள்.

இதையெல்லாம் பஹ்மியாவின் போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். அவளும் இப்போதே எடுத்துத் தாறன் அம்மா என்றுதான் சொன்னாள். நான் சுகம், கடிதம் வருகிறது, அதுவரை ஒன்றிலும் கையெழுத்து வைக்காதே என்று மட்டும் உனக்குப் போடச் சொன்னேன். போனில் சொன்னதை இல்லையென்று சொல்லலாம், என் கையால் எழுதி மூதூர்த் தபால் முத்திரை குத்தினதை இல்லையென்று சொல்ல ஏலாது, நான் சுகத்தோடும் புத்தியோடும் இருந்தேனென்று நாளைக்கு ஒரு கோட்டில் நீ இதைக் காட்டலாம். இன்னொரு காரணமும் இருக்கிறது. போனில் சொன்னால் நீ அழுவாய், போகாதேங்கோ அம்மா என்பாய், உன் குரலுக்கு நான் விட்டுக்கொடுத்துவிடுவேனோ என்று எனக்கே பயம். நோர்வேக்குக் கடிதம் போய்ச் சேர எவ்வளவு காலம் எடுக்குமென்று நான் தபால்காரரிடம் விசாரித்துத்தான் எழுதுகிறேன். இதை நீ பிரிக்கும்போது பூசம் கழிந்திருக்கும்.

ஒவ்வொரு வருஷமும் உனக்கு வருகிற தைக் கடிதத்துக்குள் பூசக் கதிர் இருக்கும், சின்னவள் மணியை எண்ணுவாள் என்று சொன்னாய். இம்முறை உறைக்குள் கதிர் இல்லை, உதறிப் பார்க்காதே, எழுதும்போது அது வயலில் நிற்கிறது, நன்றாய்த் தலை சாய்த்து மஞ்சள் பிடித்து நிற்கிறது. பூசத்தன்று வெட்டி நேரே குல்சும் கையில் கொடுப்பேன், அவள் வேறு உறையில் போட்டு அனுப்புவாள். அந்த உறை வந்தால் வழக்கம்போல் கதிரை உன் கதவு நிலைக்கு மேலே கட்டு, அம்மா வீட்டில் இருக்கிறா என்று நினைத்துக்கொள். மாசி முடிய மட்டும் பார். வராவிட்டால் எனக்குப் பதில் எழுதாதே, தம்பிக்குப் போன் எடுத்து அம்மா எங்கே என்றும் கேட்காதே, அவன் சொல்லுகிற பதிலை நீ கேட்கத் தேவையில்லை. உறுதியின் உன் பிரதியை எடுத்துக்கொண்டு வா. வந்து முதலில் வீட்டுக்குப் போகாதே, அபூதாஹிர் வீட்டுக்குப் போ, அவர் தான் கண்டதைச் சொல்லுவார். பிறகு வயலுக்குப் போ, என்ன நிலையில் கிடந்தாலும் இறங்கு. கதிர் ஒன்று நின்றாலும் அதை வெட்டு, ஒன்றும் நிற்காவிட்டால் ஒரு பிடி மண்ணை எடுத்து வரம்பில் வை, நாலு பேர் பார்க்க வை.

மருமகனுக்கு இதை முழுக்கச் சொல், ஒளிக்காதே. சின்னவளுக்கு இருமல் வந்தால் மருந்துக்கு ஓட முதல் கொத்தமல்லி அவித்துக் கொடு, வெறுங்காலோடு அந்தக் குளிர்த் தரையில் விடாதே. தமிழில் அம்மம்மாவுக்கு ஒரு வரி எழுதப் பழக்கு, எழுத்து கையில் இருந்தால் ஒருவரும் உன் கதையை உனக்குப் பதிலாய்ச் சொல்ல ஏலாது. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. உங்கள் மூன்று பேருக்கும் நோயில்லாத நீண்ட ஆயுளையும், கூரை ஒழுகாத வீட்டையும், பொய் சொல்லத் தேவையில்லாத சீவியத்தையும் அம்மாளாச்சி தரட்டும்.

கடைசியாக ஒன்று. என்ன நடந்திருந்தாலும் உன் தம்பியை நீ ஒரு நாளும் சபிக்காதே, அவன் கை தோல் உரிந்து கிடந்தபோது சோறு தீத்தினவள் நான். வயலையும் அவனுக்குக் கொடுக்காதே. இரண்டையும் சேர்த்துச் செய்.

வயலுக்குப் போகிற,
உன் அம்மா
கனகசுந்தரம் பாக்கியரத்தினம்